தட்டணுவும் நம்ம ஆர்.பி.எம்.மும்



"ரத்தம் குடுத்தாச்சு, ஜூஸும் குடிச்சாச்சு, அவ்வளவுதாம்லே!" என்று கிளம்பிவிடுகிறோம். அதற்கப்புறம் இயந்திரத்தின் வேலை தொடங்குவதை எண்ணிப் பார்த்ததுண்டா?

2012-இல் நெல்லைச் சீமையை டெங்கு உலுக்கியபோது, ஊரெல்லாம் பேசிய பேச்சு 'பிளேட்லெட்', அதாவது தட்டணு. தானமாக வந்த ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் சுற்றித்தான் அதைப் பிரிக்கிறார்கள். தட்டணுவோ முரட்டுத்தனம் தாங்காது. சுழற்சி விசை மிஞ்சினாலும், ஃபிரிட்ஜ் குளிரில் வைத்தாலும், உசுப்பப்பட்டு நுண்குமிழ்களை உதிர்க்கும். 1967-இல் பீட்டர் உல்ஃப் இவற்றைத் 'தட்டணுத் தூசி' என்றார். தூசிதானே என்று நினைக்காதீர்கள். ரத்தத்தை உறைய வைக்கும் திறன் அதற்குண்டு! தட்டணுப் பையைப் பொதுவாக 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், ஓயாமல் ஆட்டியபடி, 5 நாள் வரை வைக்கிறார்கள்.

ஆர்.பி.எம். ஒன்றேயானாலும் ரோட்டரின் ஆரம் மாறினால் விசை மாறும். இது நம்ம பாடமல்லவா? தெர்மோஸ்டாட்டும், கரண்ட் போனால் நின்றுவிடும் ஆட்டுக்கருவியும் நம்ம கைவேலைதானே? டாக்டர் மட்டுமா உயிர் காப்பார்? அளவு பிசகாமல் கருவியைச் சரிபார்க்கும் டிப்ளமோக்காரரும் காப்பார்!

ரத்தம் கொடுப்போம், அதைக் காக்கும் கருவியையும் கற்போம்!