தடுப்பூசிக்குப் பின்னும் கணக்கெடுப்பு

குழந்தைகளின் நிமோனியாவை விளைவிக்கும் பாக்டீரியாக்களுள் நிமோகாக்கஸ் தலையாயது. நோயற்ற குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும்கூட அது தங்கியிருப்பதுண்டு. அங்கிருந்து இருமல், தும்மல் வழியே பிறருக்குப் பரவுகிறது. இந்தியாவில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கப்பெற்ற நிமோகாக்கஸ் தடுப்பூசி, 2021-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. பிறந்த 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் என மும்முறை இது கட்டணமின்றி இடப்படுகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆயினும், இத்துடன் பணி முற்றுப்பெற்றதெனக் கருதுவது பொருந்தாது.

இக்கிருமியில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் மிகுந்த கேடு செய்யும் சிலவற்றையே தடுப்பூசி தடுக்கும். அவை அகன்ற இடத்தில் வேறு வகைகள் பெருகக்கூடும். அமெரிக்காவில் 2000-இல் 7 வகைகளுக்கான ஊசி வந்தபின் 19ஏ என்னும் வகை பெருகிற்று. இடையறாது கணக்கெடுத்தமையால் அது புலப்பட்டது. 2010-இல் அவ்வகையையும் தடுக்கும் புதிய ஊசி அங்கு நடைமுறைக்கு வந்தது.

குழந்தையின் மூச்சை நிமிடக் கணக்கில் எண்ணி நோயை உய்த்துணரும் முறை நம் சிற்றூர்களில் உயிர்காப்பது. எனினும், கிருமி இன்னதென்று அது கூறாது. நோயெதிர் மருந்து உட்சென்றபின் எடுக்கும் குருதியிலோ கிருமி வளர்வது அரிது. ஆதலின், கடுநோயுற்ற குழந்தைக்கு, சிகிச்சை தாமதமுறாத வகையில், முதல் மருந்துக்கு முன்னரே குருதி எடுத்துச் சோதித்தல் மாவட்ட மருத்துவமனைகள்தோறும் வழக்கமாதல் வேண்டும்.