காதா, கதவா?

வானொலி அறிவிப்பாளர்களை மக்கள் அதிகம் கேட்பது காரில்தான். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வழியில், வேலை முடிந்து திரும்பும் இருட்டில். ஸ்டூடியோவில் எவ்வளவு விலையுள்ள மைக் இருந்தாலும், என் குரல் கடைசியில் உங்களை வந்தடைவது கார்க் கதவுக்குள் இருக்கும் ஒரு சிறிய கூம்பு வழியாகத்தான். அது கிழிந்தால்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 67 வயது. கொஞ்ச மாதமாகக் காரில் வானொலியையே நிறுத்திவிட்டார். "நீ பள்ளி விடுமுறைன்னு சொல்றது எனக்குப் பல்லி விடுமுறைன்னு கேக்குதும்மா. காது போச்சு" என்றார். அவர் சிரித்தார், வீட்டில் மற்ற யாரும் சிரிக்கவில்லை. போன் வந்தால் சித்தியிடம் நீட்டிவிடுகிறார். அவர் மகள் காது கேட்கும் கருவியின் விலையை விசாரித்து வைத்திருந்தாள்.

அந்தக் காரில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் சொற்கள் பிடிபடவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்க ஸ்பீக்கரின் விளிம்பு கிழிந்திருந்தது. மறுபக்கம் கதவோடு சேர்ந்து கரகரத்தது. 14 வருடம் ஓடிய கார், ஆச்சரியமில்லை. "சித்தப்பா, எனக்கும் இப்படித்தான் கேக்குது" என்றேன். அவர் பதில் பேசவில்லை. உள்ளே போய்த் தன் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் தச்சு வேலை பார்த்தவர்.

ஆறரை அங்குலப் புதிய ஸ்பீக்கர் வாங்கினோம். ஆனால் வாங்கியதும் அப்படியே மாட்டிவிட முடியாது. கண்ணாடியைக் கீழே இறக்கினால் அது ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். காந்தம் ஆழமாக இருந்தால் கண்ணாடியில் இடிக்கும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளந்தோம். கதவுத் தகட்டிலிருந்து கண்ணாடிவரை 55 மில்லிமீட்டர், ஸ்பீக்கரின் ஆழம் 62. ஆகவே நடுவில் ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னே தள்ள வேண்டும். 12 மில்லிமீட்டர் கனமான வளையம் போட்டால் 5 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். முன்பக்கம் கதவு மூடியில் முட்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளையத்தை எதில் செய்வது? பலர் மரத்தூள் அட்டையில் வெட்டுகிறார்கள். நம் ஊர் மழைக்கு அது ஆகாது. கண்ணாடி ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். ஈரம் பட்டால் அந்த அட்டை ஊதிவிடும். நாங்கள் காய்கறி வெட்டும் கனமான பிளாஸ்டிக் பலகை இரண்டு வாங்கினோம், இரண்டும் சேர்த்து 20 வெள்ளிக்குள். அது தண்ணீரைக் குடிக்காது, ஆனால் பசையும் அதில் ஒட்டாது. திருகாணிதான் போட வேண்டும். பழைய ஸ்பீக்கரைத் தாளில் வைத்து அச்செடுத்து, கோடு போட்டு, ஜிக்சாவால் வெட்டினோம். நான் அவசரப்பட்டபோதெல்லாம் அவர் குரல் வந்தது: "ரெண்டு தரம் அளந்துக்கோம்மா. பலகை ஒரு தரந்தான் வெட்டலாம்."

வளையத்தின் வேலை இடைவெளி கொடுப்பதோடு முடிவதில்லை. கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று விரிகிறது. ஓரத்தில் சந்து இருந்தால் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் காணாமல் போவது தவிலின் தொப்பி ஒலியும் ஆண் குரலின் கனமும். வளையத்தின் இரு பக்கமும் நுரை நாடா ஒட்டி இறுக்கினால் அந்தச் சந்து அடைபடும், தகடும் அதிராது. விலையுயர்ந்த ஸ்பீக்கரைத் தளர்வாக மாட்டுவதைவிட, நடுத்தர ஸ்பீக்கரை இறுக்கமாக மாட்டுவது மேல்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கதவின் அடித் துளைகளை அடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். கடைசியாக, கம்பியை மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியால் ஸ்பீக்கரைத் தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேர்ந்தால் கூம்பு வெளியே வரும். இரு பக்கமும் அதேபோல் இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மாறிப்போனால் அறிவிப்பாளர் குரல் நடுவில் நிற்காமல், பானைக்குள் பேசுவதுபோல் வெறுமையாகக் கேட்கும். உத்தரவாதம் முடியாத புதுக் காரில் இதையெல்லாம் கைவைக்க வேண்டாம்.

அன்று மாலையே பள்ளி பள்ளியாகக் கேட்டது. ஆனாலும் சித்தப்பாவைக் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். மெல்லிய உயர்ந்த ஒலிகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, வயதானால் முதலில் குறைவது அவைதான் என்றார்கள். இப்போதைக்குக் கருவி தேவையில்லை, வருடம் ஒரு முறை வந்து பார்த்தால் போதுமாம். பிரச்சினையில் கொஞ்சம் காதிலும் பெரும்பகுதி கதவிலும் இருந்திருக்கிறது. அவரோ முழுப் பழியையும் காதின்மேல் போட்டுக்கொண்டு பேச்சைக் குறைத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதோடு அவர் கேட்கும் இடத்தில் நீங்களும் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.