சின்னத் துப்பாக்கி, பெரிய தோட்டா

சிங்கப்பூரில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தேசிய சேவையில் தொட்டவர்களாகத்தான் இருப்பார்கள். காவல்துறையில் சேவையாற்றிய பலருக்கு, இடுப்பில் தொங்கிய ஐந்து தோட்டா ‘டாரஸ் 85’ ரிவால்வர் நினைவிருக்கும். எந்தத் தோட்டாவைப் போடுவது என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. கொடுத்ததைப் போட வேண்டும், எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது. ஹியூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் கூப்பிட்டான். “மாமா, கைக்கு அடக்கமா ஒரு ரிவால்வர் வாங்கிட்டேன். கடையில இருபது வகைத் தோட்டா அடுக்கி வச்சிருக்காங்க. இருக்கிறதுலயே பலமானதா வாங்கிடட்டுமா?” வாங்கியது சரியா, தவறா என்பதை அக்கா அவனிடம் பேசிக்கொள்வார். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது. இயந்திரப் பொறியாளன் என்ற முறையில் நான் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் உறவுக்காரர்கள் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். ‘.38 ஸ்பெஷல்’, ‘.357 மேக்னம்’ என இரண்டு தோட்டாக்கள். பெயர்தான் வேறு, இரண்டிலும் குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. நம் கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 32 பவுண்டு காற்றழுத்தம். சாதாரண .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்துள்ள உச்சவரம்பு 17,000 பவுண்டு. ‘பிளஸ் பி’ என்று அச்சிட்ட வகைக்கு 20,000. மேக்னத்துக்கு 35,000! அதனால்தான் மேக்னத்தின் பித்தளைக் கூட்டை வேண்டுமென்றே சற்று நீளமாகச் செய்தார்கள், .38 துப்பாக்கிக்குள் அது முழுதாக நுழையக் கூடாது என்று. மேக்னம் துப்பாக்கியில் .38 தோட்டாவைப் போடலாம். மறுபக்கம் கூடவே கூடாது. நுழையாத தோட்டாவை அழுத்தித் திணிப்பவர் தம் விரல்களைப் பணயம் வைக்கிறார்.

ஆகவே கடைக்காரரைக் கேட்பதற்கு முன் துப்பாக்கியைக் கேட்க வேண்டும். குழலின் பக்கவாட்டில் எந்தத் தோட்டா என்று பொறித்திருக்கும். ‘பிளஸ் பி’ தாங்குமா என்பதைக் கையேடு சொல்லும். தாத்தா காலத்து அலுமினியச் சட்டகத் துப்பாக்கி என்றால், தயாரிப்பாளர் அனுமதித்தாலொழிய ‘பிளஸ் பி’ பக்கமே போகக் கூடாது. ‘பிளஸ் பி பிளஸ்’ என்றும் ஒரு வகை உண்டு. அதற்குத் தர அமைப்பு உச்சவரம்பே வகுக்கவில்லை. எனவே வேண்டாம்.

அடுத்தது எடை. ஸ்மித் அண்ட் வெஸன் 1950இல் கொண்டுவந்த சின்ன எஃகு ரிவால்வர் ஏறத்தாழ 550 கிராம். இன்றைய டைட்டானிய ரகங்களில் சில 350 கிராமைக்கூட எட்டுவதில்லை. பையில் வைத்தால் பாரம் தெரியாது. சுட்டால் கை வலிக்கும். வலி மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, சுடப்படாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் சேர்ந்து பின்னால் போகின்றன. கனமான குண்டோ தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்து, சுழல் உருளைக்கு வெளியே மூக்கை நீட்டினால் உருளை சுற்றாது. துப்பாக்கி அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இதைச் சோதிப்பது எளிது. சுடும் பயிற்சிக்கூடத்தில் ஐந்தில் நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்துப் பாருங்கள். குண்டு முன்னால் நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

அதற்காக மிக இலேசான குண்டுதான் நல்லது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சில டைட்டானிய மேக்னம் ரகங்களில் 120 கிரெய்னுக்கு, அதாவது 7.8 கிராமுக்கு, குறைந்த குண்டு வேண்டாம் என்று குழலிலேயே எழுதியிருக்கும். அத்தகைய மேக்னம் தோட்டா உருளையைச் சீக்கிரம் அரித்துவிடும்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: புகழ்பெற்ற ஆலைத் தயாரிப்பு, சாதாரண அழுத்தத்து .38 ஸ்பெஷல், பயிற்சிக்குத் தட்டை மூக்குள்ள 148 கிரெய்ன் குண்டு. உதை குறைவு, குறி தவறாது, ஐம்பது முறை சுட்டாலும் கை நடுங்காது. யாரோ வீட்டுக் கொட்டகையில் மருந்து நிரப்பிய தோட்டா இலவசமாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

இரண்டு சத்தங்களையும் நினைவில் வைக்கச் சொன்னேன். ‘டமார்’ வராமல் ‘பொத்’ என்று மெல்லிய சத்தம் வந்தால், குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். ரிவால்வர் தானாக நிற்காது. விசையை இழுத்தால் அடுத்த தோட்டாவையும் சுட்டுவிடும், குழல் வெடிக்கும். உடனே நிறுத்த வேண்டும். வெறும் ‘கிளிக்’ என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பூட்டைப் பற்றிக் கேட்டேன். “அலமாரி மேல வச்சிருக்கேன் மாமா” என்றான். நான்கு வயதுக்காரர்கள் நாற்காலி போட்டு ஏறுவார்கள். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. நான் சொன்னதிலேயே முக்கியமான பாதுகாப்பு இதுதான். அன்று மாலையே பெட்டி வாங்கிப் படம் அனுப்பினான்.

விடுமுறைக்கு அமெரிக்கா போகும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கூடத்தில் சுட்டுப் பார்த்த நினைவாகக் காலிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆயுதச் சட்டங்கள் கடுமையானவை. “வெறும் ஞாபகப் பொருள்தான்” என்று சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். விமானம் ஏறுமுன் பைகளை ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.