மானியம் நம் உரிமை! வட்டி நமக்கு ஹராம்!



"சோலாரா? அது பேங்க் லோன் சமாச்சாரம் பாய். வட்டி கட்டணும். நமக்கு வேண்டாம்."

வீட்டு மாடியில் சூரிய மின் தகடு பொருத்துவது பற்றிப் பேச்செடுத்தால் நம் மஹல்லாக்களில் பரவலாகக் கேட்கும் பதில் இது. வட்டி என்றதும் ஒதுங்குகிறீர்களே, அந்த ஈமானை மதிக்கிறோம். வட்டி வாங்குவோருக்கு எதிராக அல்லாஹ்வும் அவனது தூதரும் போர்ப் பிரகடனம் செய்வதாக எச்சரிக்கும் வசனத்தை (அல்குர்ஆன் 2:279) ஓதிய சமுதாயம் அப்படித்தான் பேச வேண்டும். ஆனால் வட்டியை வீசி எறிகிற வேகத்தில் கையில் வர வேண்டிய மானியத்தையும் சேர்த்தல்லவா எறிகிறீர்கள்!

விஷயத்துக்கு வருவோம். 'பி.எம். சூர்ய கர் முஃப்த் பிஜிலி யோஜனா' என்ற திட்டத்தை 2024 பிப்ரவரி 13 அன்று பிரதமர் மோடி அறிவித்தார். (ஊர்ப் பெயர்களில் இருக்கும் முஸ்லிம் வாடையைத் துடைத்தெறியத் துடிப்பவர்களுக்கு, இலவசம் என்று சொல்ல 'முஃப்த்' என்ற பாரசீகச் சொல்தான் கிடைத்திருக்கிறது. இருக்கட்டும்.) ஒரு கோடி வீடுகளுக்கு, 2026-27 நிதியாண்டு வரை என்று சொல்லி ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் பொருத்தினால் 30,000 ரூபாய் மானியம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000. மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு பொருத்தினாலும் அதே 78,000தான்.

இந்தத் தொகை யாருடையது? ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறோமே, அந்தப் பணம். யாரும் நமக்குப் போடுகிற பிச்சையல்ல.

மானியம் வேறு, கடன் வேறு

இதைத்தான் பலரும் குழப்பிக் கொள்கிறார்கள். ஈடு இல்லாமல் வங்கிக் கடன் தருவதும் இத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு வட்டி உண்டு. ஆனால் கடன் வாங்கினால்தான் மானியம் என்று எந்த விதியும் இல்லை. சொந்தப் பணத்தைப் போட்டுப் பொருத்திக் கொள்ளலாம். மின்வாரியத்தார் வந்து பார்த்து, நெட் மீட்டர் வைத்து, திட்டத்தின் இணையதளத்தில் பதிவானதும் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். இதில் வட்டி எங்கே நுழைகிறது?

இப்போது கணக்குப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிற வீடு. ஒரு ஏ.சி., ஃப்ரிட்ஜ், மோட்டார் இருந்தால் கோடையில் இது சாதாரணம். 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணப்படி சுமார் 3,900 ரூபாய் பில் வரும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். மிச்சம் 220 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம். 500 யூனிட்டுக்கு மேல் போனால் அடிக்கிற உயர்ந்த கட்டணப் படியிலிருந்தும் இறங்கிவிடுவதால் பில் 350 ரூபாய்க்குள் அடங்கும். ஒரு பில்லில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம்!

எல்லோருக்கும் இது பொருந்தாது. அரசு தரும் 100 யூனிட் இலவசத்தோடு முடிகிற வீட்டுக்கும், 200 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கும் இது தேவையே இல்லை. பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் போடாதீர்கள்.

இன்னும் சிலவற்றை விற்க வருபவர் சொல்லமாட்டார், நாம் சொல்லிவிடுகிறோம். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மின்வெட்டுக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு இணையும் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் தேவை. இந்தியாவிலேயே தயாரான தகடுக்குத்தான் மானியம். விலை குறைவு என்று வெளிநாட்டுத் தகட்டைத் தலையில் கட்டினால் மானியம் போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பில்லில் அதைப் பாருங்கள். "முழுக்க முழுக்க இலவசம், அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வியாபாரிகளுக்கு

கடைக்கு இந்த மானியம் கிடையாது. வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். மீதமாகி வெளியே போகும் மின்சாரத்துக்குக் கடைக்காரருக்குக் கிடைக்கும் விலையும் குறைவு. ஆகவே பகலில் என்ன ஓடுகிறதோ அந்த அளவுக்கு மட்டும் போடுவதே புத்திசாலித்தனம். தையல் கூடம், ஐஸ் பெட்டி ஓடும் கடை, மாவு மில், லேத் பட்டறை இவற்றுக்கெல்லாம் பகல் மின்சாரம்தான் செலவு. முறையாகக் கணக்கு எழுதி வரி கட்டுபவர் சோலாருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள். ஹோட்டல் நடத்துபவருக்கு மின்சாரத்தைவிட கேஸ்தான் பெரிய செலவு. அவர்கள் வெந்நீருக்குச் சோலார் ஹீட்டரையும், மிஞ்சும் சோற்றுக்கும் காய்கறிக் கழிவுக்கும் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றையும் முதலில் யோசிக்கலாம்.

ஆனால் நம்மவர்களில் நிறையப் பேருக்குக் கடை வாடகை, மாடி சொந்தமில்லை. பள்ளிவாசல் கடைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை ஊரில்! அந்த மாடி வக்ஃபு சொத்து. ஜமாஅத் முன்வந்து வக்ஃபு வாரிய விதிகளுக்கு உட்பட்டு அங்கே தகடு பொருத்தினால் பள்ளிக்கும் வருமானம், கடைக்காரருக்கும் லாபம். ஜும்ஆ நேரத்தில் உச்சி வெயிலில் பள்ளியின் ஏ.சி. அத்தனையும் ஓடுகிறதே, அதற்கும் அந்த வெயிலே போதும்.

பணத்துக்கு எங்கே போவது?

2008லேயே ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. ஒன்பது ஆண்டு இழுத்தடித்து, 2017இல் அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி கைவிரித்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை சமமாகக் கிடைக்கிறதாம்! வட்டி வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று இருப்பவனுக்கு என்ன சமம்? இதைக் கேட்டுக் கொண்டே இருப்போம். ஆனால் அவர்கள் தரும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா?

நம் பைத்துல்மால் இருக்கிறது. இரண்டு கிலோவாட்டுக்கு 1,20,000 ரூபாய் செலவு என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்காரர் கையில் 20,000 இருக்கிறது. ஒரு லட்சத்தை ஜமாஅத் அழகிய கடனாகக் கொடுக்கட்டும். மானியம் 60,000 வந்ததும் அதை அப்படியே பைத்துல்மாலில் கட்டிவிட வேண்டும். பொருத்தி முடித்து 30 நாளில் மானியம் என்று அரசு சொல்கிறது. தாமதமாகும் என்றே வைத்துக் கொள்ளுங்கள்; ஆனாலும் கொடுத்த கடனில் பாதிக்கு மேல் சில மாதத்தில் திரும்பிவிடுகிறது. மிச்சம் 40,000. பில்லில் மிச்சமாகும் பணத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 3,000 கட்டினால் 14 தவணை. வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. பத்து லட்சம் ரூபாய் சுழல்நிதியை வைத்துக் கொண்டு ஒரு தெருவையே மாற்றலாம்.

பத்து லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். இருக்கிற மினாராவை இடித்து உயர்த்தும்போது அந்தக் கேள்வி எழவில்லையே!

ஒன்றில் கவனம். ஜகாத் பணத்தைத் தொடக் கூடாது. அது 9:60 வசனம் சொல்லும் எட்டு வகையினரின் ஹக்கு, ஏ.சி. ஓடும் வீட்டுக்குக் கடன் கொடுக்க அல்ல. இதற்குத் தனி நிதி, தனிக் கணக்கு, தனி வங்கிப் புத்தகம் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். ஆர்வத்தோடு தொடங்கிய பைத்துல்மால்கள் பல ஊர்களில் ஏன் மூடிக் கிடக்கின்றன? வாங்கியவர் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர் எழுதி வைக்கவில்லை. "நம்ம பாய்தானே" என்று விட்டார்கள். கடனை எழுதிக் கொள்ளுமாறு கட்டளையிடும் 2:282 குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுத்தும் இரண்டு சாட்சியும் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகக் கூடாது. முத்தவல்லியின் மச்சானாக இருந்தாலும் சரிதான்.

இளைஞர்களே, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு பள்ளி வளாகத்தில் ஒரு லேப்டாப்போடு உட்காருங்கள். மின் இணைப்பு எண், கடைசி பில், வங்கிப் புத்தகம் இவற்றோடு வருபவருக்குப் பதிவு செய்து கொடுங்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? விண்ணப்பிப்பவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதியில் மவுத்தாகி இருபது வருடமான பாட்டனார் பெயரில்தான் பில் வந்து கொண்டிருக்கும். சொத்தைப் பாகம் பிரிக்காமல், சகோதரிகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கைக் கொடுக்காமல், அப்படியே கிடக்கும் வீடுகள். அங்கே வாரிசுச் சான்றும், எல்லா வாரிசுகளின் சம்மதமும், பெயர் மாற்றமும் முடிந்த பிறகுதான் சோலார். அந்த வேலையை இந்த மாதமே தொடங்கச் சொல்லுங்கள்.