எண்ணுவோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்!

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ரூ. 11,718.24 கோடி செலவிட மத்திய அமைச்சரவை 2025 டிசம்பர் 12ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. அன்று வெளியான அரசுக் குறிப்பில் முன்னிறுத்தப்பட்டவை மூன்று. கைப்பேசிச் செயலி வழியாக நடைபெறும் முதல் கணக்கெடுப்பு, குடிமக்கள் தங்கள் விவரங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும் வசதி, சாதிவாரிக் கணக்கெடுப்பு. அதே குறிப்பின் நடுவே, யார் கண்ணிலும் எளிதில் படாத வரி ஒன்றும் இருந்தது. ஏறத்தாழ 30 லட்சம் களப்பணியாளர்கள் தங்களது வழக்கமான பணிகளுடன் கூடுதலாக இதைச் செய்வதால் அவர்களுக்கு உரிய மதிப்பூதியம் வழங்கப்படும் என்பதே அது.

"கூடுதலாக" என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் கணக்கெடுப்பாளரின் பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

2011 பிப்ரவரியில் கிழக்கு தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு வந்தவர் ஒரு மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. மாலை ஆறு மணி இருக்கும். பகல் முழுவதும் வகுப்பு எடுத்துவிட்டு, தோளில் ஒரு பையும் கையில் மடிக்கக்கூடாத படிவங்களும் சுமந்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார். 29 கேள்விகள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டுமே முன்னொட்டாக உள்ள தமிழ்ப் பெயரைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்பதிலேயே ஐந்து நிமிடம் போயிற்று. தாய்மொழி என்ற இடத்தில் "மதராசிதானே?" என்று கேட்டார். அப்படி ஒரு மொழி இல்லை என்று விளக்கியதும் சிரித்துக்கொண்டே "தமிழ்" என்று எழுதினார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது, தமது பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நான்காவது முறையாக இனிமேல்தான் போகவேண்டும் என்றார். அவர் அன்று தவறாக எழுதிச் சென்றிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் மேற்கோள் காட்டும் புள்ளிவிவரங்கள் இப்படியொரு படிக்கட்டில்தான் பிறக்கின்றன.

அந்தக் கணக்கெடுப்பில் களத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம் பேர். அவர்கள் எண்ணித் தந்த 121 கோடி என்ற எண்ணைக் கொண்டுதான் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரகத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 50 விழுக்காட்டினருக்கும் மானிய விலைத் தானியம் என்று வரையறுத்து, 81.35 கோடி பேரை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொவைட் காரணமாகத் தள்ளிப்போனது. நோய்த்தொற்று ஓய்ந்த பின்னரும் பல ஆண்டுகள் அதே காரணம் நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வ பதிலாகத் திரும்பத் திரும்ப வந்ததை அவையின் செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இதற்கிடையே பிறந்த குழந்தைகளுக்கான அரிசிக் கணக்கு 2011லேயே நின்றுபோனது.

ஒருவழியாக 2025 ஜூன் 16ஆம் தேதி அரசிதழில் அறிவிப்பு வெளியானது. கணக்கெடுப்புக்கான குறிப்புநாள் 2027 மார்ச் 1. பனி மூடும் லடாக், ஜம்மு-காஷ்மீர், இமாசலம், உத்தரகண்ட் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. வீட்டுப் பட்டியல் எடுக்கும் முதற்கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றும், தலைகளை எண்ணும் இரண்டாம் கட்டத்துக்கு 2027 பிப்ரவரி என்றும் அட்டவணை வகுக்கப்பட்டது.

பிப்ரவரி என்றால் என்ன மாதம் என்பதை எந்தப் பள்ளி ஆசிரியரிடமும் கேட்டுப் பார்க்கலாம். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுகள் அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகின்றன. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும் காலம் அது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று 27ஆவது பிரிவில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றுக்கும் விலக்கும் அளித்துவிட்டது. ஆகவே ஆசிரியர் மறுக்க வழியில்லை. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி பணியை மறுத்தாலோ அலட்சியம் காட்டினாலோ ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சில குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இந்தச் சட்டம் ஒருவகையில் சுவையானது. கணவரின் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பெண்ணை அந்தப் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது பரிவுடன் ஏற்பாடு செய்திருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்பவரின் கூச்சத்தைக்கூட மதித்த சட்டம், கேள்வி கேட்கப் போகிறவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இது ஏட்டுக் கவலை அன்று. கர்நாடகத்தில் 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சமூக, கல்வி நிலை ஆய்வு தொடங்கியது. வீடு வீடாகச் செல்லும் பொறுப்பு ஆசிரியர்களுக்கே தரப்பட்டது. செயலி முரண்டு பிடித்தது, இணைப்புக் கிடைக்கவில்லை, குறித்த நாளுக்குள் பணி முடியவில்லை. கடைசியில் தசரா விடுமுறையை அக்டோபர் 18 வரை நீட்டித்துத்தான் சமாளிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணியின்போது இறந்த மூவரின் குடும்பங்களுக்குத் தலா ரூ. 20 லட்சம் இழப்பீட்டை மாநில அரசு அறிவித்தது. இழப்பீடு அறிவித்தது நல்லது. ஆனால் விடுமுறை நீட்டிப்பையும் உதவி ஏற்பாடுகளையும் முதல் நாளே திட்டமிட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு விடை இல்லை.

அடுத்த சில வாரங்களில் நாடு தழுவிய அளவில் அதே கதை. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 முதல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் நடைபெற்றது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் பணியாற்றியவர்களில் பெரும் பகுதியினர் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும்தாம். பணிச்சுமையால் தற்கொலை, மாரடைப்பு என்று பல மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்தன. தமிழக வெற்றிக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் டிசம்பர் 4ஆம் தேதி தலையிட்டது. கூடுதல் ஊழியர்களை நியமித்துச் சுமையைக் குறைக்க வேண்டும், உரிய காரணத்துடன் விலக்குக் கோருவோரின் மனுக்களைத் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. இந்த உத்தரவு வந்த எட்டாம் நாளில்தான் கணக்கெடுப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆசிரியர், அதே அங்கன்வாடி ஊழியர், அதே தெருக்கள். நீதிமன்றம் தேர்தல் பணிக்குச் சொன்னது கணக்கெடுப்புப் பணிக்கும் பொருந்தாதா என்று உள்துறை அமைச்சகத்தைக் கேட்க வேண்டியவர்கள் நம் உறுப்பினர்கள். இரு அவைகளிலும் அந்தக் கேள்வி உரக்க ஒலித்திருக்க வேண்டும்.

சாதிக் கேள்வியால் இம்முறை பணியின் தன்மையே மாறிவிட்டது. 1931க்குப் பிறகு அனைத்துச் சாதிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு இது. 2011இல் தனியாக நடத்தப்பட்ட சமூக-பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் கதியை நினைவுகூர்வது நலம். 1931இல் 4,147 சாதிகள் பதிவாகியிருக்க, 2011இல் 46 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் குவிந்துவிட்டன என்று மத்திய அரசே 2021இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரே சாதியை ஒவ்வொரு ஊழியரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியதும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பழி களப்பணியாளர் தலையில் விழுந்தது. ஆனால் சாதி, உட்சாதி, குலப்பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றை வேறுபடுத்தும் பட்டியலைத் தராமல் எழுதச் சொன்னவர்கள் யார்? பிகார் 2023இல் தனது ஆய்வை நடத்தியபோது சாதிகளுக்கு எண் குறியீடு கொடுத்துத்தான் அனுப்பியது. அந்தப் பட்டியலைக் குறித்தும் சச்சரவுகள் எழுந்தன. என்றாலும் ஊழியரின் ஊகத்துக்கு விடப்பட்ட இடம் குறைந்தது. வாசலில் நிற்கும் ஓர் ஆசிரியை, பெரியவர் ஒருவர் சொல்லும் பட்டப்பெயரைக் கேட்டு எந்தச் சாதி என்று தாமே முடிவு கட்டும் நிலை வந்தால், பின்னர் இட ஒதுக்கீட்டு வழக்குகளில் அந்த எண்கள் நிற்குமா?

அச்சம் வேறு இருக்கிறது. மக்கள்தொகைப் பதிவேட்டைச் சுற்றி எழுந்த சர்ச்சையின்போது, 2020 ஜனவரியில் ராஜஸ்தானின் கோட்டாவில் பொருளாதாரக் கணக்கெடுப்புக்குச் சென்ற ஒரு பெண் ஊழியர் தாக்கப்பட்டார். அவர் வைத்திருந்த கேள்விகளுக்கும் குடியுரிமைக்கும் தொடர்பே இல்லை. ஆனால் விவரம் கேட்டு வருபவர் எவராயினும் ஐயத்துக்கு உரியவரே என்ற மனநிலை பரவியிருந்தது. கணக்கெடுப்பில் தரப்படும் தனிநபர் விவரம் எவரது பார்வைக்கும் கிடைக்காது, சாட்சியமாகவும் ஏற்கப்படாது என்று 15ஆவது பிரிவு உறுதி அளிக்கிறது. அந்த உறுதியைத் தில்லியில் உள்ளவர்கள் மக்களிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால், சந்துக்குள் தனியாகச் செல்லும் ஊழியர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். 1931 ஜனவரி 11ஆம் தேதியைக் கணக்கெடுப்புப் புறக்கணிப்பு ஞாயிறாகக் காங்கிரஸ் கடைப்பிடித்தது. அன்றைய புறக்கணிப்பு அந்நிய அரசுக்கு எதிரானது. சொந்த அரசின் ஊழியரைப் பார்த்துக் கதவைச் சாத்தும் நிலை வேறு.

தென் மாநிலங்களுக்கு இந்தத் துல்லியம் கூடுதல் முக்கியத்துவம் உடையது. மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை மாற்றக்கூடாது என்று 2001ஆம் ஆண்டின் 84ஆவது அரசியல் சட்டத் திருத்தம் முடக்கி வைத்தது. அந்த முடக்கம் பற்றிய விவாதம் தமிழகத்தில் எவ்வளவு சூடாக நடக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த விவாதத்தில் உரத்துப் பேசும் நம் கட்சிகள், எண்ணிக்கையை எடுக்கப்போகும் ஊழியரின் வேலை நிலை பற்றிப் பேசிக் கேட்டதில்லை. களைத்துப்போன ஊழியர் பூட்டிய வீட்டைக் காலி வீடு என்று குறித்துவிட்டுப் போனால், குறைவது நம் மாநிலத்தின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம்.

இன்னொரு கூட்டமும் உண்டு; அவர்களை எவரும் நினைப்பதில்லை. படிவங்களைத் தொகுக்கவும் சரிபார்க்கவும் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். 1981, 1991 கணக்கெடுப்புகளில் இப்படிப் பணியாற்றிய உத்தரப் பிரதேசத்தினரின் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் பணி நிரந்தரம் தர மறுத்தது. எனினும், நிரந்தரக் காலியிடங்கள் வரும்போது தகுதியுடையோரைப் பரிசீலிக்கவும், பணியாற்றிய காலத்தைக் கருதி வயது வரம்பைத் தளர்த்தவும் கூறியது. தமிழகத்தில் ஆட்குறைப்புக்கு உள்ளான கணக்கெடுப்பு ஊழியர்களும் 1999இல் அதே நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. இப்போது அமைச்சரவைக் குறிப்பு, சுமார் 18,600 தொழில்நுட்பப் பணியாளர்கள் 550 நாள்களுக்கு அமர்த்தப்படுவார்கள் என்றும், இதனால் 1.02 கோடி மனித நாள் வேலைவாய்ப்பு உருவாகும் என்றும் பெருமையாகச் சொல்கிறது. 551ஆம் நாள் என்ன ஆகும் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. 25 வயதில் சேர்ந்தவர் ஒன்றரை ஆண்டு கழித்து அனுபவச் சான்றிதழுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நிற்பார். தேர்வாணையத்தின் வயது வரம்பு அவருக்காகக் காத்திருக்காது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. இரண்டாம் கட்டத்தின் நாள்களில் கணக்கெடுப்பில் உள்ள ஆசிரியரை வகுப்பிலிருந்து முழுமையாக விடுவிக்கும் ஆணையை ஒவ்வொரு மாநிலமும் முன்கூட்டியே பிறப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். வேலையற்ற பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்து மாற்று ஆள்களாக வைத்திருக்கலாம். செயலி இயங்கும் கைப்பேசி யாருடையது, இணையக் கட்டணம் யார் பொறுப்பு, பழுதானால் யாரிடம் போவது என்பவை பயிற்சி வகுப்பிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். மதிப்பூதியத்தைத் தாமதமின்றி வங்கிக் கணக்கில் செலுத்தத் தேதி குறிக்கப்பட வேண்டும். வாக்குச்சாவடி அலுவலரின் ஆண்டு மதிப்பூதியத்தைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில்தான் ரூ. 6,000-லிருந்து ரூ. 12,000 ஆக உயர்த்தியது என்பதும் நினைவிருக்க வேண்டும். பணியின்போது இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், முதல்வருக்கு முதல்வர் மாறக்கூடாது. 11,718 கோடிக்குள்ளேயே அதற்கும் ஓர் இனம் ஒதுக்கப்பட வேண்டும்.

2011இல் வீடற்றோரை எண்ணும் பணி பிப்ரவரி 28 இரவில் நடந்தது. ரயில் நிலையங்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் கோயில் வாசல்களிலும் படுத்திருந்தவர்களை எழுப்பி எழுப்பி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். அன்று எங்கள் பகுதிக்கு அருகில் பாலத்தின் கீழ் கைவிளக்குடன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில், எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஆசிரியையையும் பார்த்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலையில் பள்ளி உண்டு.