குஞ்சு எந்தப் பாசியைத் தின்றது?

இறால் குஞ்சு வாங்கப் போகும் பண்ணையாளர்கள் நோய்க்கான பிசிஆர் சோதனை முடிவைக் கேட்கிறார்கள், தண்ணீரின் உப்பு எத்தனை பிபிடி என்று கேட்கிறார்கள். ஜோயியா என்னும் இளம் பருவத்தில் குஞ்சுக்கு எந்தப் பாசியைக் கொடுத்தீர்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. வனாமி இறால் வளர்ப்பில் குஞ்சின் பிற்கால உடல்வாகு பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது நம் கருத்து.

முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் தன் உடலிலுள்ள கருவுணவிலேயே ஒன்றரை, இரண்டு நாள் ஓட்டிவிடும். ஜோயியாவானதும் வெளியிலிருந்து இரை வேண்டும். அந்த நேரத்தில் தொட்டியில் கீட்டோசெராஸ், தலாசியோசிரா போன்ற டயட்டம் பாசி போதிய அளவு இல்லாவிட்டால் அந்தத் தொட்டி பிறகு தேறுவது கடினம். நன்றாகத் தின்னும் ஜோயியாவைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பின்னால் நூல் போல நீண்ட கழிவு இழை தொங்குவது தெரியும். இழை அறுந்து குடல் வெறுமையாகத் தெரிந்தால் அன்றைக்கே பாசித் தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஆய்வாளர் ஹுடினாகா, ஸ்கெலிடோனீமா என்ற டயட்டத்தை ஊட்டிக் குருமா இறால் குஞ்சுகளை வளர்த்து 1942-இல் ஆய்வை வெளியிட்டார். இன்றைய பொரிப்பகத் தொழில் அந்த வேலையின் மேல்தான் நிற்கிறது.

ஆனாலும் பல பொரிப்பகங்களில் பாசி அறைக்குத்தான் கடைசி இடம். ஃபிளாஸ்க்கில் சுத்தமாக இருந்த வளர்ப்பில், பெரிய தொட்டிக்கு வருவதற்குள் புரோட்டோசோவாவும் விப்ரியோ பாக்டீரியாவும் கலந்துவிடுகின்றன. வேகமாகப் பெருகும் கட்டத்தில் எடுக்காமல், வயதான பாசியை ‘நிறம் இருக்கிறதே’ என்று ஊற்றினால் சத்தும் குறையும், பாக்டீரியாவும் கூடவே போகும். குஞ்சுக்கு இரை கொடுப்பதாக நினைத்து நோயைக் கொடுக்கிறோம்.

பாசிக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டு. இறாலுக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. அதனால்தான் தடுப்பூசிப் பேச்சைவிட, இரத்த அணுக்களைத் தூண்டும் பீட்டா குளுக்கான் பற்றிய பேச்சு இத்துறையில் அதிகம். டயட்டம் பாசிகள் தம் சேமிப்பு உணவையே பீட்டா குளுக்கானாக வைத்திருக்கின்றன. ஹீமட்டோகாக்கஸ் பாசியில் உள்ள அஸ்டாசாந்தினும் இறாலுக்கு நன்மை தரும். கரோட்டினாய்டுகளை இறால் தானாக உண்டாக்காது, தீவனத்திலிருந்துதான் பெற வேண்டும். ஆனால் வெள்ளைப்புள்ளி வைரஸ் குளத்துக்குள் வந்துவிட்ட பிறகு எந்தப் பாசிப் பொடியும் காப்பாற்றாது. பாசியின் பெயரும் அளவும் போடாத பொடி மூட்டைகளுக்குப் பணம் கட்டும் முன், அந்தக் காசில் ஒரு நுண்ணோக்கி வாங்குங்கள் என்றே சொல்வோம்.

குளத்திலும் இதே கதைதான். பிலிப்பைன்ஸில் டைகர் இறாலை ஒளிரும் விப்ரியோ வாட்டியபோது, திலேப்பியா வளர்த்த பச்சைத் தண்ணீரை இறால் குளத்துக்குப் பயன்படுத்தும் முறை பரவியது. குளோரெல்லா போன்ற பாசிகள் நிறைந்த தண்ணீரில் அந்த விப்ரியோ அடங்கியிருந்ததை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. காற்று ஒதுக்கும் மூலையில் நீலப்பச்சைப் பாசி ஏடு போலத் திரண்டால் அது எச்சரிக்கை. ஆசிலடோரியா பெருத்த குளத்து இறாலில் மண்வாடை வரும், குடலும் கெடும்.

வடகிழக்குப் பருவமழையில் வேதாரண்யம் பக்கம் குளம் வைத்திருப்பவர்களுக்கு ப்ளூம், அதாவது குளத்துப் பாசிப் பெருக்கம், விழுவது பழக்கமான துன்பம். உப்பு திடீரென இறங்கும், பாசி ஒரே இரவில் செத்துத் தண்ணீர் தெளிந்துவிடும். விடியும்போது ஆக்சிஜன் இருக்காது; செத்த பாசி அழுகி அம்மோனியா ஏறும், விப்ரியோ பெருகும். தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு 30–40 செ.மீ.க்குள் நிற்கும்போதே, மழை வருவதற்கு முன்பே, தினமும் அளந்து எழுதி வையுங்கள். தட்டு திடீரென ஆழத்தில் தெரிந்தால் அன்றைய தீவனத்தைக் குறைத்து, இரவு முழுவதும் ஏரேட்டரை ஓட விடுங்கள். தெளிந்த தண்ணீரைப் பார்த்து ‘சுத்தமாகிவிட்டது’ என்று மகிழ்ந்து வழக்கம்போல் தீவனம் போட்டவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

பொரிப்பகங்களிடம் நம் வேண்டுகோள் இது: குஞ்சோடு தரும் தாளில் பிசிஆர் முடிவுக்குக் கீழே, கொடுத்த பாசியின் பெயரையும் பாசித் தொட்டியில் எடுத்த விப்ரியோ எண்ணிக்கையையும் எழுதிக் கொடுங்கள். பண்ணையாளர்களே, அதைக் கேட்டு வாங்குங்கள்.