கருக்குச் சொல்லை மழுக்காதீர்!

கொலை செய்யத் துணிந்தவன் முதலில் கொலை என்ற சொல்லைக் கொன்றான்! யூதர்களை அழித்தொழிக்க நாஜிகள் வகுத்த திட்டத்தின் பெயர் "இறுதித் தீர்வு". உயிர் பறிப்பதற்கு ஏட்டில் எழுதிய பெயர் "சிறப்பு நடத்துமுறை". சாவு முகாமுக்கு ரயிலேற்றியதோ "குடியமர்த்தல்"! கோப்பைப் புரட்டுபவன் ஏதோ நகராட்சி அலுவல் என்றே எண்ணுவான்.

அம்முகாம்களிலிருந்து மீண்டோர் எழுத அமர்ந்தபோது, சொற்களைத் தேர்ந்தது அழகுக்காகவா? பிரிமோ லெவி 1947-இல் வெளியிட்ட நூலில் ஓலமில்லை, வசைமாரி இல்லை. சாட்சிக்குரிய நிதான மொழியை வேண்டுமென்றே மேற்கொண்டதாகவும், தீர்ப்பளிக்க வேண்டியவர் வாசகரே என்றும் பின்னாளில் அவரே விளக்கினார். எலீ வீசல் 1956-இல் இத்திஷ் மொழியில் தந்த நூலின் தலைப்பே, உலகம் வாய்மூடி இருந்ததெனக் குற்றஞ்சாட்டிற்று. 1958-இல் அது பிரெஞ்சு மொழியில் வெகுவாகச் சுருங்கி வந்தபோது "இரவு" என்ற ஒற்றைச் சொல்லாயிற்று. பின்னதே கலை நயமுடையது என்பார் உளர். இருக்கட்டும்! உலகை நோக்கி விரல் நீட்டிய முன்னதன் மீதே நமக்குப் பற்று.

இவற்றையெல்லாம் வியந்து போற்றும் பெருமக்களிலேயே, 1992-இல் பாமாவின் "கருக்கு" வெளிவந்தபோது, பேச்சு வழக்கில் நூலா என்று முகஞ்சுளித்தோர் உண்டு. புதுப்பட்டியில் பட்ட இழிவைப் பட்டவர் வாய்மொழியிலன்றி வேறெம்மொழியில் உரைப்பது? இழிவு செய்தவன் என்ன, செந்தமிழிலா ஏசினான்? கருக்கு என்றால் என்னவென்று குளத்தூர் இளைஞருக்கு நாம் பொருள் கூற வேண்டியதில்லை. பனை மட்டையைப் பற்றிய கை அறியும். இருபுறமும் அறுக்கும் அவ்விளிம்பைத் தலைப்பாக்கியபோதே அவர் தம் நோக்கத்தையும் சொல்லிவிட்டார்.

நெடுந்தொலைவு போவானேன்? குளத்தூர் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலேதான் கொடியங்குளமும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்தத் தாழ்த்தப்பட்டோர் ஊருக்குள் புகுந்தனர். ஏட்டிலே அதன் பெயர் "தேடுதல்". தொலைக்காட்சிப் பெட்டியை நொறுக்கினர், தையல் இயந்திரத்தை உடைத்தனர், துணிமணிகளையும் கடவுச்சீட்டுகளையும் கொளுத்தினர் என ஊரார் சாட்சி கூறினர். தையல் இயந்திரத்துக்குள் எந்தக் குற்றவாளி ஒளிந்திருந்தான்? கடவுச்சீட்டை எரித்துத் தேடியது யாரை? வெளிநாட்டில் உழைத்துத் தலைநிமிர்ந்த குடும்பங்களின் நிமிர்வையே தேடி முறித்தனர் என்போம் நாம்!

எழுதப் புகும் தோழர்களே! "கலவரம்" என்று எழுதாதீர். அச்சொல் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்தும். "வீடுகள் சேதப்படுத்தப்பட்டன" என்றும் எழுதாதீர். எழுவாயை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும் வாக்கியம் அது! படுத்தியவர் யார்? அவரை வாக்கியத்தின் தலைமாட்டிலே நிறுத்துங்கள். அவ்வூர்ப் பெண் "எம் மிசினு" என்றால், நாம் மேலே எழுதியதுபோல் "தையல் இயந்திரம்" என்று மாற்ற வேண்டாம். "எம் மிசினு" என்றே எழுதுங்கள். அது எந்த ஆண்டு வாங்கியது, எவ்வளவு கடன்பட்டு வாங்கியது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.